தூக்கி அடைக்கிற கதவு

தென்காசி
12-2-1956

அன்புள்ள அத்தானுக்கு,

குழல்வாய்மொழி எழுதுகிறேன். அத்தைக்கு மூட்டுவலி, எனக்குக் கோபம், மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம். கோபம் எதற்கென்று கேட்பீர்கள். பொங்கலுக்கு வந்த உங்கள் கடிதத்தில் ‘வருவேன்’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. என்றைக்கு என்று ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் கொழும்புக்குக் கப்பலேறி ஐந்து வருஷம் ஆகிறது. ஐந்து வருஷமாக ஒருத்தி தபால்காரரைப் பார்த்துப் பொழுதை விடிய வைக்கிறாள், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

போகட்டும், நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். வடகரைத் தென்னந்தோப்பில் அப்பா எனக்கு எழுதிவைத்த பங்கை விற்றுவிட்டேன். உங்கள் அக்காள் உலகம்மாள் மதினிதான் வாங்கிக்கொண்டார்கள், அதனால் தோப்பு வெளியாள் கைக்குப் போகவில்லை. நீங்கள் அனுப்பியதில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்தால் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது. புதுக் காருக்குக் காணாது. நம்பி ஓட்டுகிற மாதிரி பழைய கார் ஒன்று இதற்குள் அமையும் என்கிறார்கள். ‘கார் ஒன்று அமைந்துவிட்டால் அடுத்த கப்பலில் ஏறிவிடுவேன், ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் டாக்ஸி ஓட்டியே பிழைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதினீர்களே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவும் செய்தேன்.

காரை நானே பார்க்கப் போகிறேன். சிரிக்க வேண்டாம். அரிசியில் கல் பார்க்கத் தெரிந்தவளுக்குக் காரில் குறை பார்க்கத் தெரியாதா? எதை எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். முன்பு லாரி ஓட்டிய அய்யாக்குட்டி அண்ணாச்சி கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

அத்தைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ‘எம் மவன் ஓட்டுத கார்ல ஐந்தருவிக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டுட்டாப் போதும்ட்டி, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்’ என்கிறார்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

தங்கள் அன்பு
குழல்வாய்மொழி

கொழும்பு
3-3-1956

என் அன்புக் குழலுக்கு,

உன் கடிதத்தை ஒர்க்ஷாப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ‘வேல்சாமி, உன் பெண்டாட்டி ஆளு கெட்டிக்காரிதான்’ என்று ஒரே கேலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சொல்லுகிறேன், கவனமாகக் கேள். காரைப் பார்க்க விடியற்காலையில் போ. அவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பார்க்காமலே திரும்பி வந்துவிடு. குளிர்ந்து கிடக்கிற இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயசு தெரியும். முந்தின நாளே இன்ஜினுக்கு அடியில் பழைய பேப்பர் விரிக்கச் சொல்லு. எண்ணெய் சொட்டியிருந்தால் காலையில் பேப்பரே சொல்லும். புகை நீலமாக வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது, வேண்டாம். பெயின்ட்டைப் பார்த்து மயங்காதே. விரல்முட்டியால் தட்டிப் பார், தகரம் ‘ணங்’ என்னும், ஓட்டையை அடைத்து மெழுகிய இடம் ‘தொப்’ என்னும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அடிச்சட்டம் கோணல். கடைசியாக நாலு பேரை ஏற்றி ஐந்தருவி ஏற்றத்தில் ஓட்டச் சொல்லு. மேலே போய் நின்றதும் ரேடியேட்டர் கொதிக்காமல் இருந்தால் அது கார்.

காந்திமதிநாத பிள்ளைவாளிடம் ஐந்து வருஷம் ஒரு ஹில்மன் ஓட்டினேனே, அது மாதிரி ஒன்று அமைந்தால் எதையும் பார்க்க வேண்டாம். அந்த வண்டியை இன்றைக்கு என் கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். பிள்ளைவாள் உயிரோடு இருக்கிறவரை விற்க மாட்டார், அதுதான் கஷ்டம்.

கார் அமைந்ததும் எழுது. அம்மாவை ஐந்தருவிக்கு நான் கூட்டிப்போவதாகச் சொல்லு.

உன்
வேல்சாமி

தென்காசி
20-4-1956

அன்புள்ள அத்தானுக்கு,

கார் பார்த்தாயிற்று! செங்கோட்டையில் ஒரு மர வியாபாரியின் ஆஸ்டின். நீங்கள் சொன்ன ஒன்றையும் விடவில்லை. விடிகிறபோதே போய் நின்றோம். பேப்பர் விரிக்கச் சொல்லி முந்தின நாளே ஆளனுப்பியிருந்தேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. நான் தரையில் குனிந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த வீட்டம்மா காப்பி கொண்டுவந்தவள் பதறித் தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். வியாபாரி மலையாளம் கலந்து பேசுகிறவர். ‘வண்டிக்கு ஜாதகமும் நோக்குமோ அம்மே?’ என்றார். ‘கல்யாணத்துக்கு முந்தி எனக்கு நோக்கவில்லை, இதுக்காவது நோக்குகிறேன்’ என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், விளையாட்டுக்குத்தான்.

ஐந்தருவி ஏற்றத்தில் அய்யாக்குட்டி அண்ணாச்சி, நான், பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் டீச்சர், வியாபாரியின் கணக்குப்பிள்ளை, நாலு பேரையும் சுமந்துகொண்டு பூமாதிரி ஏறிற்று. மேலே போய் நானே ரேடியேட்டர்மேல் கையை வைத்துப் பார்த்தேன், சுடத்தான் செய்தது, கொதிக்கவில்லை. ‘யம்மா, நல்ல வண்டி, யோசிக்காதிய’ என்கிறார் அண்ணாச்சி. விலையும் நம் கைக்குள்தான். உங்கள் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறேன். குற்றால சீசனுக்கு இன்னும் நாள் கிடக்கிறது, இப்போது புறப்பட்டாலும் சாரல் விழுமுன் வந்துவிடலாம்.

தங்கள் அன்பு
குழல்வாய்மொழி

கொழும்பு
14-5-1956

அன்புக் குழலுக்கு,

நீ அடியில் குனிந்து பார்த்ததைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அந்த ஆஸ்டின் வேண்டாம். செங்கோட்டை என்றால் திருவாங்கூர் நம்பர். நம் மதராஸ் பக்கம் மாற்றிப் பதிய வேண்டும், வரி கட்ட வேண்டும், ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். பொம்பிளை நீ எங்கே அலைவாய்? வேறே பார். அவசரப்பட்டு வாங்கினால் ஆயுசுக்கும் தலைவலி. நான் எங்கே போய்விடப் போகிறேன்?

உன்
வேல்சாமி

தென்காசி
2-9-1956

அன்புள்ள அத்தானுக்கு,

சீசன் வந்தது, போயும் போய்விட்டது. ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினவர்கள் டாக்ஸிக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு திரும்பினேன். அத்தைக்கு ஆடி மாசமெல்லாம் காய்ச்சல். கஞ்சியும் இறங்கவில்லை. ‘கார் வரட்டும், காருக்குள்ளே உக்காந்து அருவியப் பாத்துட்டாவது வாரேன்’ என்று வீம்பாக இருக்கிறார்கள்.

கார் ஒன்று அமைந்திருக்கிறது. புளியரைக்கு மேலே ரப்பர் எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை. ஊருக்கே திரும்பிப் போகிறாராம், ஃபோர்டு காரை விற்கிறார். ஒரே ஆள் ஓட்டியது, மதராஸ் நம்பர். இதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம், பாருங்கள். புகை இல்லை, சொட்டு இல்லை, எங்கே தட்டினாலும் ‘ணங்’. துரையம்மாவுக்குக் காரைப் பிரிய மனசில்லை, பானட்டைத் தடவிக்கொண்டே நின்றாள். பாவமாக இருந்தது. துரை கப்பலேறுமுன் முடிவு சொல்ல வேண்டும். தந்தி கொடுங்கள். ‘வாங்கு’ என்று ஒரு சொல் போதும்.

தங்கள் அன்பு
குழல்வாய்மொழி

கொழும்பு
9-10-1956

குழலுக்கு,

வேலை மும்முரத்தில் தந்தி கொடுக்கத் தவறிவிட்டது. எஸ்டேட் கார் வேண்டவே வேண்டாம். மலையில் வருஷம் முழுக்க மழையில் நின்ற வண்டி, வெளியே ‘ணங்’ என்றாலும் உள்ளே துரு தின்றிருக்கும். நான் எத்தனை பார்த்திருக்கிறேன். பொறு. அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடு.

வேல்சாமி

தென்காசி
11-11-1956

அன்புள்ள அத்தானுக்கு,

துரை போய்விட்டார். காரைக் கொல்லத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இங்கே ஒரு விசேஷம். இந்த மாசம் ஒன்றாம் தேதியிலிருந்து செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்துவிட்டது. தாலுகா ஆபீஸ் வாசலில் மிட்டாய் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது. அதை வாயில் போட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. திருவாங்கூர் நம்பர் என்றுதானே ஆஸ்டின் வேண்டாம் என்றீர்கள்? இப்போது ஊரே இந்தப் பக்கம் வந்துவிட்டது. மர வியாபாரி இன்னும் விற்கவில்லை. அந்தக் காரில் இனி என்ன குறை என்று எழுதுங்கள்.

அத்தை படுக்கையோடுதான். நேற்று உங்கள் பழைய கடிதங்களைப் படிக்கச் சொன்னார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, ‘ஏட்டி, அவன் வாரேன்னு எழுதியிருக்கானா, கார் வந்தா வாரேன்னு எழுதியிருக்கானா? ரெண்டும் ஒண்ணில்லட்டி’ என்றார்கள். ‘சும்மா படுங்க அத்தை’ என்று அதட்டிவிட்டேன். ஆனால் ராவெல்லாம் தூக்கம் வரவில்லை. கார் கிடக்கட்டும் அத்தான், ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

தங்கள்
குழல்வாய்மொழி

தென்காசி
23-12-1956

அத்தானுக்கு,

இரண்டு தந்தி கொடுத்தோம். முதல் தந்தி கொடுத்தபோது அத்தைக்கு மூச்சு இருந்தது.

மதினியின் மகன்தான் கொள்ளி வைத்தான். எல்லாரும் வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் தூக்கினார்கள். ரயில் சத்தம் கேட்டதும் ‘கொஞ்சம் பொறுங்கலே’ என்று யாரோ சொன்னார்கள். பொறுத்தார்கள். ரயிலிலிருந்து யாரும் வரவில்லை.

சாம்பலைக் கரைக்கக் குற்றாலத்துக்குப் போனோம். பஸ்ஸில்தான் போனோம். மடியில் கலயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் எழுத இப்போது கை வரவில்லை.

குழல்வாய்மொழி

கொழும்பு
17-1-1957

என் அன்புக் குழலுக்கு,

அம்மாவை நினைத்து அழாத நாள் இல்லை. என் நிலைமை உனக்குத் தெரியாது. இங்கே இப்போது பெர்மிட் கெடுபிடி. ஒருமுறை வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். பாதி வேலையில் விட்டுவிட்டு வந்தால் கையில் பத்துக் காசு இல்லாமல் வர வேண்டும். கார் நல்லதாக அமையட்டும், ஒரேயடியாக வந்துவிடுகிறேன். அந்த ஆஸ்டினைப் பற்றிக் கேட்டிருந்தாய். இத்தனை மாசம் விலை போகாமல் கிடக்கிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது. வேண்டாம்.

அம்மா போய்விட்டாள். இனி எனக்கு நீதான் எல்லாம்.

உன்
வேல்சாமி

தென்காசி
7-4-1957

அன்புள்ள அத்தானுக்கு,

நாலு மாசம் கழித்து மனசு கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். கை கழுவிவிட்டு, ஒரு டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாவூர்சத்திரத்தில் ஒரு கார் நிற்கிறது. நாற்பத்தாறாம் வருஷத்து ஹில்மன். புதிதாகப் பச்சை அடித்திருக்கிறார்கள், பழைய நிறம் கறுப்பு. பானட்டுக்குள்ளே இன்னும் கறுப்புத் தெரிகிறது. இன்ஜின் விடியற்காலையில் முதல் சுற்றிலேயே கிளம்பிற்று. ஐந்தருவி ஏற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சின்னச் சின்னக் குறைகளை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்து, சிவப்பு நூலால் தைத்திருக்கிறது. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் முன்பலகையில் எட்டணா அளவுக்குக் கருகின வட்டம் ஒன்று. இடது பக்கப் பின்கதவு கொஞ்சம் தொங்குகிறது. அடைக்கும்போது லேசாகத் தூக்கி அடைக்க வேண்டும். அவ்வளவுதான். காரைச் சுற்றி வந்தபோது எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அது ஏன் என்று உங்களிடம் நேரில்தான் சொல்லுவேன்.

விலை மிகவும் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். யார் கார், ஏன் குறைத்தார்கள் என்பதும் நேரில்தான். பதிலை உடனே போடுங்கள், வாசலிலேயே நிற்கிறேன்.

தங்கள் அன்பு
குழல்

கொழும்பு
2-5-1957

குழலுக்கு,

நல்லவேளை வாங்குமுன் எழுதினாய். நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. கறுப்புக் காருக்குப் பச்சை ஏன் அடிக்கிறார்கள்? எதையோ மறைக்கத்தான். சீட்டில் சிவப்பு நூல் தையல் என்றால் அது வாடகைக்கு ஓட்டி அடித்த வண்டி. எவனோ கை வராதவன் கண்ட நூலால் இழுத்துக் கட்டியிருக்கிறான். பலகையில் கருகல் என்றால் உள்ளே ஒயர் தீப்பிடித்திருக்கிறது. என்றைக்கிருந்தாலும் மறுபடி பிடிக்கும்.

கதவு தொங்குகிறதென்றால் பேச்சே இல்லை. அது எங்கேயோ அடிபட்ட வண்டி. அதற்குள் என்ன நடந்ததோ, யார் செத்தார்களோ, யார் கண்டது? அப்படிப்பட்ட வண்டி குடும்பத்துக்கு ஆகாது. விலை குறைத்துச் சொல்லும்போதே உனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

இந்த வருஷ சீசன் போனால் போகட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

வேல்சாமி

தென்காசி
19-5-1957

வேல்சாமி அவர்களுக்கு,

கடிதம் வந்த அன்றே எழுதியிருந்தால் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதியிருப்பேன். அதனால் ஒரு வாரம் பொறுத்து எழுதுகிறேன்.

அது காந்திமதிநாத பிள்ளைவாளின் கார்.

நீங்கள் ஐந்து வருஷம் ஓட்டிய கார். கண்ணைக் கட்டினாலும் தடவிப் பார்த்தே சொல்லுவேன் என்று போன வருஷம் எழுதினீர்களே, அதே கார். பிள்ளைவாள் தை மாசம் காலமானார். ஆச்சி பாவூர்சத்திரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். மருமகன் கறுப்புப் பிடிக்காது என்று பச்சை அடித்தார், மறைக்க ஒன்றுமில்லை. ‘வேல்சாமி ஓட்டின வண்டி, அவன் கைக்கே போகட்டும்’ என்று ஆச்சிதான் விலையைக் குறைத்தார்கள். பெயரை நான் விளையாட்டுக்காகத்தான் எழுதாமல் விட்டேன். இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிட்டு, ‘அடி கள்ளி’ என்று பதில் எழுதுவீர்கள், அந்தக் கடிதத்தோடு நீங்களும் வருவீர்கள் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

சிவப்பு நூல் என் கூறைப்புடவை முந்தியில் பிரித்த நூல். கடையில் வாங்குகிற நூல் அற்றுப்போகிறது என்று நீங்கள்தான் கேட்டீர்கள். கை வராதவன் தைத்ததில்லை, நான் தைத்தது. பலகையில் கருகல், ஆயுத பூஜைக்கு நீங்கள் ஏற்றிவைத்த சூடம். ‘ஏலே, வண்டியக் கும்பிடச் சொன்னனா, கொளுத்தச் சொன்னனா?’ என்று பிள்ளைவாள் சத்தம் போட்டதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டி ஒரு மாசம் சிரிக்க வைத்தீர்கள்.

கதவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. ஐப்பசி மழையில் எனக்கு வலி கண்டு, பிள்ளைவாள் காரில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தானே ஓட்டிக்கொண்டு போனீர்கள்? வாசல் ஏற்றத்தில் நிறுத்திவிட்டுக் கைப்பிரேக் போட மறந்து குதித்து ஓடிவந்து என் பக்கக் கதவைத் திறந்தீர்கள். கார் பின்னால் உருண்டு, திறந்த கதவு தூணில் மோதிற்று. பிள்ளை தங்கவில்லை. பிள்ளைவாள் கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றையிலிருந்து நீங்கள் அந்தக் கதவை வேறு யாரையும் அடைக்க விடமாட்டீர்கள். நீங்களே இரண்டு கையாலும் தூக்கி, சத்தம் வராமல் அடைப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

‘யார் செத்தார்களோ, யார் கண்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கண்டேன். நீங்களும் கண்டீர்கள்.

மறந்துபோயிற்று என்றால்கூட மன்னித்துவிடுவேன். நீங்கள் மறக்கவில்லை, என் கடிதத்தைப் படிக்கவே இல்லை. ‘வேண்டாம்’ என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குக் காரணத்தை என் கடிதத்திலிருந்தே பொறுக்கியிருக்கிறீர்கள். ஆஸ்டினுக்கும் அப்படித்தான், ஃபோர்டுக்கும் அப்படித்தான். ‘அவன் சொல்லுத குத்தத்தப் பாத்தா கப்பல்ல வந்து எறங்குத புதுக் காரே தேறாது போலிருக்கே யம்மா’ என்று அய்யாக்குட்டி அண்ணாச்சி போன வருஷமே சொன்னார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். அத்தைக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. குறை எந்தக் காரிலும் இல்லை. உங்களுக்கு வர மனசில்லை, அவ்வளவுதான்.

அங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டேன். கேட்டால் அதற்கும் ஒரு காரணம் எழுதுவீர்கள், நானும் நம்பித் தொலைப்பேன்.

காரை வாங்கிவிட்டேன். அண்ணாச்சி ஓட்டுகிறார், வருகிறதில் பாதி அவருக்கு. சீசனுக்கு ஸ்டேஷனில் நிற்கும். இனிமேல் எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம், காரைப் பற்றி எழுதவும் வேண்டாம்.

குழல்வாய்மொழி

மண்டபம்
14-6-1958

அன்புள்ள குழலுக்கு,

ஒரு வருஷமாக உனக்கு எழுத முகமில்லாமல் இருந்தேன். கொழும்பில் நடந்த கலவரத்தைப் பேப்பரில் படித்திருப்பாய். ஒர்க்ஷாப் எரிந்துவிட்டது. இருந்த வீடும் போயிற்று. உடுத்த துணியோடு கப்பலேறி வந்து, இங்கே தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஒண்டியிருக்கிறோம்.

நான் தனியாக வரவில்லை. என்னோடு ஒருத்தி இருக்கிறாள். நாலு வயசில் ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறது. நான் விளக்க வேண்டியதில்லை, நீயே புரிந்துகொள்வாய். பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல், ஒன்றும் சாப்பிட மாட்டேன் என்கிறது. எங்களுக்குப் போக வேறு இடமில்லை.

இருபத்துமூன்றாம் தேதி திங்கட்கிழமை, மதுரையிலிருந்து வருகிற ரயிலில் தென்காசிக்கு வருகிறோம். ஸ்டேஷனுக்கு நம் காரை அனுப்பு. இனிமேல் நானே ஓட்டுகிறேன், அண்ணாச்சியை நிறுத்திவிடலாம். அது பிள்ளைவாள் வண்டி, லேசில் கெட்டுப்போகாது. எனக்குத்தானே தெரியும்.

உன்
வேல்சாமி

தென்காசி
17-6-1958

வேல்சாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உயிரோடு வந்து சேர்ந்தீர்களே, அதில் எனக்கு வருத்தமில்லை.

பிள்ளைக்கு நாலு வயசு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்டினுக்குத் திருவாங்கூர் நம்பர் என்று நீங்கள் எழுதியபோது அவளுக்கு இரண்டு வயசு. நான் காருக்கு அடியில் குனிந்து பார்த்ததைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றீர்களே, அப்போது அவள் உங்கள் மடியில் இருந்திருப்பாள். இதை எழுதும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது. கடிதத்தைப் படித்தபோதுகூட வரவில்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் கார் நிற்கும். ‘நம் கார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது வாடகைக் கார், யார் கூப்பிட்டாலும் வரும். அந்த முறையில் உங்களுக்கும் வருகிறது. அய்யாக்குட்டி அண்ணாச்சிதான் ஓட்டுவார். அவரை நிறுத்துகிற எண்ணம் எனக்கு இல்லை.

வழியில் டாக்டர் வீட்டில் நிறுத்திப் பிள்ளையைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து நேரே வடகரை, உலகம்மாள் மதினி வீடு. நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ‘அம்மைக்குக் கொள்ளி வைக்க வராத பயலுக்கு எம் வீட்டுல எடமில்ல’ என்று மதினி கத்தினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். கத்திக்கொண்டே எழுந்து போய் உள்ளறையைக் கூட்டினார்கள். என் வாசல் வழியாகக் கார் வராது. நீங்களும் வர வேண்டாம்.

பிள்ளைக்கு வாடகை வாங்கக் கூடாது என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடமும் வாங்க வேண்டாம் என்றேன். அவள் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. என்னைப் பற்றி அவளிடம் என்ன சொல்லி வைத்திருந்தீர்களோ, ஒன்றுமே சொல்லவில்லையோ. உங்களிடம் மட்டும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது கையில் இல்லையென்றால் பிறகு கொடுக்கலாம், அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொள்வார்.

முன்சீட்டில் உட்காருங்கள். பிள்ளையையும் அவளையும் பின்னால் இடது பக்கமாக ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதவை நீங்கள் தொட வேண்டாம். எப்படித் தூக்கி அடைக்க வேண்டும் என்று அண்ணாச்சிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

குழல்வாய்மொழி